‘அறிவுஜீவி’ என்பது வசைச் சொல்லா?



கேட்ட கேள்விக்குப் பதில் இருந்தால் பதில் சொல்வார்கள். பதில் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? கேட்டவருக்கு ஒரு பெயர் வைப்பார்கள்!

இன்று நம் நாட்டில் தாராளமாக வாரி வழங்கப்படும் பெயர் ‘அறிவுஜீவி’. விலைவாசி ஏன் ஏறியது என்று கேட்டால் அறிவுஜீவி. விசாரணை இல்லாமல் ஒருவரை எத்தனை ஆண்டுகள் சிறையில் வைப்பீர்கள் என்று கேட்டால் அறிவுஜீவி. ஊர்ப் பொதுப்பணத்துக்குக் கணக்கு கேட்டால், “வந்துட்டாருய்யா அறிவுஜீவி!” தொலைக்காட்சி விவாதத்திலிருந்து தேநீர்க் கடை பெஞ்சு வரைக்கும் இதே கதைதான்.

“ஏன் இப்படி இழிவாகப் பேசுகிறீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். உடனே முகத்தை அப்பாவியாக வைத்துக் கொள்வார்கள். “நான் என்ன திட்டவா செய்தேன்? அறிவால் வாழ்பவர் என்றுதானே சொன்னேன்? இது வசையா?” என்பார்கள்.

வசைதானா, இல்லையா? இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது. இது அகராதிக்காரர்களின் தகராறு அல்ல. இந்த ஒரு சொல்லை வைத்து மனிதர்களின் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது, வாழ்வு பறிக்கப்பட்டிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது.

நம் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சொல்லில் குற்றமில்லை. ஒருவர் எடுத்து வைத்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல், அந்தப் பதில் இருக்க வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் அது வசையாகிறது. அப்படி நிறுத்துபவர் ஆட்சியாளராக இருந்தாலும் சரி, நம் ஊர்ப் பெரியவராக இருந்தாலும் சரி. எப்படி என்று பார்ப்போம்.

சொல் ஒன்று, முகம் இரண்டு

‘ஜீவி’ என்றால் வாழ்பவர். உடலுழைப்பால் வாழ்பவர் சிரமஜீவி. புத்தியால் வாழ்பவர் புத்திஜீவி. அதைத்தான் நாம் தமிழில் அறிவுஜீவி என்கிறோம். இதில் இழிவு எங்கே இருக்கிறது?

பாக் நீரிணையைத் தாண்டி இலங்கைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே தமிழ்ப் பத்திரிகைகள் ‘புத்திஜீவிகள்’ என்று மரியாதையுடன்தான் எழுதுகின்றன. பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், மருத்துவர்கள், எழுத்தாளர்கள் கூடி ஒரு கோரிக்கை வைத்தால் ‘புத்திஜீவிகள் கோரிக்கை’ என்று தலைப்புப் போடுவார்கள். படிக்கிறவர் யாரும் சிரிப்பதில்லை. அதே சொல் இந்தக் கரையில் இராமேஸ்வரத்தைத் தாண்டி வந்ததும் உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்லும் சொல்லாகிவிடுகிறது. மொழி ஒன்றுதான், பொருளும் ஒன்றுதான். மாறியது சொல்பவரின் நோக்கம்!

இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நேர்ந்த கதியுமல்ல. ‘மேதாவி’ என்றால் அகராதியில் பேரறிவாளர். தெருவில் அது கேலி. பிரசங்கம் செய்பவருக்கு மேடையும் மாலையும் உண்டு. அதற்கு முன்னால் ‘அதிக’ என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் அதே மனிதர் ‘அதிகப்பிரசங்கி’ ஆகிவிடுகிறார். எது அதிகம், எது அளவு என்று தீர்மானிப்பவர் யார்? கேள்வி கேட்கப்பட்டவர்தான்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதில் தெரியாதவர்கள் கேள்வியே அதிகப்பிரசங்கித்தனம் என்கிறார்கள்.

நாடாளுமன்றத்தில் பிறந்த புதிய ‘ஜீவி’

2021 பிப்ரவரி 8 அன்று மாநிலங்களவையில் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். அப்போது டெல்லி எல்லைகளில் விவசாயிகள் குளிரிலும் பனியிலும் அமர்ந்து மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. பிரதமர் என்ன சொன்னார்? சிரமஜீவியைத் தெரியும், புத்திஜீவியைத் தெரியும், இப்போது புதிதாக ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, அவர்கள் ‘ஆந்தோலன் ஜீவிகள்’ என்றார். அதாவது போராட்டத்தை வைத்தே பிழைப்பவர்கள்! வழக்கறிஞர் போராட்டமா, மாணவர் போராட்டமா, தொழிலாளர் போராட்டமா, எங்கே நடந்தாலும் இவர்கள் இருப்பார்கள் என்றார். அதோடு விட்டாரா? இவர்கள் ஒட்டுண்ணிகள் என்றும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மக்களவையில் ஒரு விளக்கம் வந்தது. விவசாயிகளின் போராட்டம் புனிதமானதாம். போராடுபவர் வேறு, போராட்டத்தால் பிழைப்பவர் வேறாம்!

வாசகர்களே, இங்கே நடந்ததைக் கவனியுங்கள். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் உண்டா என்பது கேள்வி. மாநிலங்களைக் கலந்து பேசாமல் சட்டம் ஏன் வந்தது என்பது கேள்வி. கேட்டவர்களுக்கு ஒரு சாதிப்பெயரைப் போலப் புதுப்பெயர் ஒன்று சூட்டப்பட்டது. உழுகிறவன் நல்லவன், அவனுக்காகச் சட்டத்தைப் படித்துச் சொல்கிறவன் கெட்டவன் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏன் பிரிக்க வேண்டும்? படித்துச் சொல்கிறவனை விலக்கிவிட்டால், உழுகிறவன் கையில் சட்டத்தின் நகல் இருக்கும். அதன் பொருள் இருக்காது!

விவசாயிகள் ஏமாறவில்லை. ஆங்கிலேயரிடமிருந்து நாட்டை மீட்டவர்களும் போராட்டக்காரர்கள்தாம், அந்தப் பெயரில் எங்களுக்குப் பெருமையே என்று ஐக்கிய விவசாயிகள் முன்னணி அறிவித்தது. 2021 நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அதே பிரதமர் அறிவித்தார். நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் ரத்து மசோதாவை நிறைவேற்றியது. ‘ஒட்டுண்ணிகள்’ எழுப்பிய கேள்விக்குக் கடைசியில் பணிய நேர்ந்தது. பெயர் வைத்ததால் கேள்வி செத்துவிடவில்லை!

பாரிஸ் நகரத்துப் பட்டப்பெயர்

இந்த வித்தை நம் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. நூற்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரான்சில் அரங்கேறியது.

ஆல்ஃபிரட் டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1894-இல் தண்டிக்கப்பட்டார். அவர் யூதர், அதாவது அந்த நாட்டின் சிறுபான்மைச் சமூகத்தவர். சாட்சியமோ பொய். உண்மையான உளவாளி வேறொரு அதிகாரி. ஆனால் ‘இவர்கள் தேசத்துக்கு விசுவாசமானவர்கள் அல்லர்’ என்று நம்புவதற்கு ஊர் ஏற்கெனவே தயாராக இருந்தது. இந்தக் கதையை எங்கோ கேட்டது போல இருக்கிறதல்லவா?

1898 ஜனவரி 13 அன்று எழுத்தாளர் எமில் ஸோலா குடியரசுத் தலைவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பொய்யைப் புனைந்தவர்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். மறுநாளே மறுவிசாரணை கோரி எழுத்தாளர்களும் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டார்கள். எதிர் முகாமிலிருந்த மோரிஸ் பாரெஸ் போன்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். “ஓ, அறிவுஜீவிகள்!” என்பதுதான் அந்தச் சிரிப்பின் சாரம். நூலகத்தில் புழுவாய்க் கிடப்பவர்களுக்கு ராணுவ ரகசியம் பற்றி என்ன தெரியும் என்பது வாதம்.

கையெழுத்திட்டவர்கள் அந்தப் பெயரைக் கண்டு கூசவில்லை, அதையே சூடிக்கொண்டார்கள். ஸோலாவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றார். 1902-இல் இறந்தும் போனார். 1906-இல் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. ஒரு நிரபராதி மீண்டார். ஒரு வசைச் சொல்லும் மதிப்புப் பெற்றது.

இங்கே நம் நாட்டிலும் இத்தகைய தீர்ப்புகள் உண்டு. 2002-இல் குஜராத் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த கொடிய தாக்குதல் வழக்கில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். மூவருக்கு மரண தண்டனை. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆறு பேரையும் விடுதலை செய்தது. தூக்குக் கயிறு வரைக்கும் சென்ற ஒரு வழக்கில் வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாய்ச் சாட்சியத்தைப் படித்து ஓட்டைகளைச் சுட்டியிராவிட்டால் என்னவாகியிருக்கும்? குற்றம் சாட்டப்பட்டவருக்காகச் சட்டம் பேசுபவர்களை ‘அறிவுஜீவி’ என்று எள்ளுபவர்கள், அந்த ஆறு குடும்பங்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்!

பெயருக்குப் பின்னால் வருவது

“பெயர்தானே வைத்தார்கள், கல்லாலா அடித்தார்கள்?” என்று சிலர் கேட்கக் கூடும். பெயர் முதலில் வரும். மற்றது பின்னால் வரும்.

2018-இல் ‘நகர்ப்புற நக்சல்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. பீமா கோரேகான் வழக்கில் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள் வரிசையாகக் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று, கௌரி லங்கேஷ் கொல்லப்பட்டதன் முதலாண்டு நினைவு நாளில், நாடக ஆசிரியர் கிரீஷ் கர்னாட் பெங்களூரில் ‘நானும் நகர்ப்புற நக்சல்’ என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். எண்பது வயது, மூக்கில் உயிர்வளிக் குழாய்! பாரிஸில் நடந்ததை அந்த முதியவர் மீண்டும் நடத்திக் காட்டினார்.

அந்த வழக்கில்தான் நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியும் 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். ஜார்க்கண்ட் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய அவர்களின் இளைஞர்களுக்காகவும் எழுதியவர், வாதாடியவர். நடுக்குவாத நோயால் கோப்பையைப் பிடிக்க முடியாத அவர், உறிஞ்சிக் குடிக்கும் குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, விசாரணையே தொடங்காத நிலையில், பிணை கிடைக்காமலே, 84-ஆம் வயதில் இறந்தார். குற்றம் நிரூபிக்கப்பட்டதா? இல்லை. பெயர் மட்டும் நிரூபணம் தேவையில்லாமலே ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பட்டப்பெயர் ‘துண்டு துண்டு கும்பல்’. நாட்டைத் துண்டாடுகிறவர்களாம்! மேடைதோறும் அமைச்சர்கள் முழங்கினார்கள். அப்படி ஒரு கும்பல் யார், எங்கே என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு, அதுபற்றித் தங்களிடம் தகவல் ஏதும் இல்லை என்று 2020 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகமே பதில் தந்தது. மேடையில் இருக்கும் கும்பல் கோப்பில் இல்லை!

இந்த நோய் ஒரு கட்சிக்கோ ஒரு மதத்துக்கோ சொந்தமானதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சீனத்தில் 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சியில் படித்தவர்களை ‘நாற்றமெடுத்த ஒன்பதாம் வகையினர்’ என்று அழைத்தார்கள். ஆசிரியர்களை மாணவர்களே அடித்தார்கள். முஸ்லிம்கள் ஆண்ட நாட்டிலும் நடந்தது. 1971 டிசம்பர் 14-ஐ ஒட்டிய நாட்களில், தோல்வியின் விளிம்பில் நின்ற பாகிஸ்தான் ராணுவமும் அதன் உள்ளூர்த் துணைப்படையினரும் டாக்காவில் பேராசிரியர்களையும் மருத்துவர்களையும் பத்திரிகையாளர்களையும் வீடு வீடாகப் போய்க் கண்ணைக் கட்டி இழுத்துச் சென்று கொன்றார்கள். இரண்டே நாளில் டிசம்பர் 16 அன்று அந்த ராணுவம் சரணடைந்தது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், கொன்றவர்களும் முஸ்லிம்கள். வங்கதேசம் ஆண்டுதோறும் டிசம்பர் 14-ஐத் தியாகிகளான புத்திஜீவிகளின் நாளாக அனுசரிக்கிறது. ஆம், அதே ‘புத்திஜீவி’! நாம் கேலிக்குப் பயன்படுத்தும் சொல்லை அந்த மக்கள் நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள்.

“குளிரூட்டிய அறைப் பேச்சாளர்கள்”

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் பார்த்துவிடுவோம். “இவர்கள் வசதியான மேல்தட்டு. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்வார்கள். வெயிலில் இறங்க மாட்டார்கள். ஏழையின் பெயரால் பேசுவார்கள். ஏழையோடு பேச மாட்டார்கள்.”

இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மறுப்பதற்கில்லை. பரிசுக்காகப் பேசுபவர், பதவி கிடைத்ததும் பேச்சை நிறுத்துபவர், நேற்று சொன்னதை இன்று விழுங்குபவர் எல்லாரும் உண்டு. அவர்களைப் பெயர் சொல்லி, அவர்கள் செய்ததைச் சொல்லிக் கண்டியுங்கள். அது விமர்சனம். ஆயிரம் பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி மேலே சீட்டு ஒட்டுவது விமர்சனமன்று. நம் சமுதாயத்தில் ஒருவன் தவறு செய்தால் எல்லோர் மீதும் ஒரே முத்திரை விழுவதன் வலி நமக்குத் தெரியாதா?

அறிவால் வாழ்பவர்கள் எல்லாம் ஒரே வர்க்கம், உழைப்பை அறியாத வர்க்கம் என்பதும் பொய். வெளியூர் போகத் தேவையில்லை. நம் காரைக்குடி வட்டாரத்தையே பாருங்கள்.

கோட்டையூர் ரோஜா முத்தையா யார்? பட்டம் பெற்ற பேராசிரியரா? கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். கிடைத்த காசையெல்லாம் பழைய புத்தகமாகவும் இதழாகவும் வாங்கி வீட்டை நிரப்பினார். 1992-இல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பு சென்னைக்குச் சென்று, இன்று உலகெங்கிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் தேடிவரும் நூலகமாக அவர் பெயரிலேயே நிற்கிறது. தூரிகை பிடித்த அந்தக் கை மேல்தட்டுக் கையா?

சிராவயலில் 1920-களில் ஆசிரமம் நடத்திச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன இளைஞர், பின்னாளில் தமிழகம் அறிந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா. 1927-இல் காந்தி அவரைத் தேடி அங்கே வந்தார். மேடைப் பேச்சே அவர் ஆயுதம். அதற்கு அவர் கொடுத்த விலை பல ஆண்டுச் சிறை. பேசுகிறவர்கள் சும்மா பேசுகிறவர்கள் என்றால், அந்தப் பேச்சுக்கு அரசாங்கங்கள் ஏன் பயந்தன?

குன்றக்குடி அடிகளார் பட்டிமன்ற மேடைகளில் வாதாடிய மடாதிபதி. 1982-இல் குமரி மாவட்டம் மண்டைக்காட்டில் கலவரம் வெடித்தபோது, அவர் மடத்திலிருந்து அறிக்கை விட்டுவிட்டு இருக்கவில்லை. நேரில் சென்று இரு தரப்பு மக்களையும் சந்தித்து அமைதிக்குப் பாடுபட்டார். தம் ஊரில் கிராமத் திட்டம் வகுத்து, மக்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தார்.

சா. கணேசன் 1939-இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் தமிழகமெங்கும் கிளைத்தது. சென்னைக் கம்பன் கழகத்துக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் யார்? நாகூரில் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில்! இராம காதையை ஒரு முஸ்லிம் நீதிபதி ஆராய்ந்து பேச, தமிழ்கூறும் நல்லுலகம் கேட்டது. அதே மனிதர்தான் நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டதை விசாரித்து உண்மையை வெளிக்கொணர்ந்தார். 1981-இல், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, கேரளத்துக்கு மாற்றல் வந்ததும் பதவியைத் துறந்து வீட்டுக்குப் போனார். இவரையும் அந்த ஒரே சாக்கில் போடுவீர்களா?

எண்ணால் வந்த பதில்

நம்மீது சுமத்தப்பட்ட ஒரு பட்டப்பெயரைச் சொல்கிறோம்: ‘தாஜா செய்யப்படும் சமூகம்’. அரசு நம்மைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறதாம். நமக்காகப் பேசியவர்களுக்கு ‘போலி மதச்சார்பின்மைவாதி’ என்று பெயர். ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டோம். கோபப்பட்டோம். கண்டனக் கூட்டம் போட்டோம். கூட்டம் கலைந்தது, பெயர் கலையவில்லை.

அதற்கு உறைக்கும்படி பதில் சொன்னது எது? 2006 நவம்பரில் வந்த சச்சார் குழு அறிக்கை. ஓய்வுபெற்ற நீதிபதி ராஜிந்தர் சச்சார், பொருளியல் அறிஞர் அபூசாலிஹ் ஷரீஃப் முதலிய ஏழு பேர் அமர்ந்து எண்களைத் தோண்டியெடுத்தார்கள். 2001 கணக்கெடுப்பின்படி நாட்டின் எழுத்தறிவு 65.1 சதவீதம், முஸ்லிம்களுடையது 59.1. மக்கள் தொகையில் 13.4 சதவீதமான சமூகத்துக்கு ஐ.ஏ.எஸ். பணியில் 3 சதவீதம், ஐ.பி.எஸ். பணியில் 4 சதவீதம். செல்லப்பிள்ளையின் லட்சணம் இதுதான்!

இந்த அறிக்கையை எழுதியவர்கள் யார்? அட்டவணையோடும் கோப்போடும் மல்லாடும் அறிவுஜீவிகள்தாம். ஆயிரம் முழக்கங்கள் செய்யாததை அவர்களின் சில அட்டவணைகள் செய்தன.

நம் வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

இப்போது விரலை நம் பக்கம் திருப்புவோம்.

நம் மஹல்லாக்களில் படித்த இளைஞன் ஒருவன் எழுந்து, “வரவு செலவை நோட்டீஸ் பலகையில் ஒட்டலாமே” என்கிறான். “கடை வாடகை ஏன் இருபது வருடமாக ஏறவில்லை?” என்கிறான். என்ன பதில் வருகிறது? “நாலு எழுத்துப் படித்துவிட்டால் பெரிய அறிவுஜீவியா? உன் அத்தா வாயைத் திறந்ததுண்டா?” என்பதுதானே? வாடகை பற்றிய கேள்வி அங்கேயே நிற்கிறது. இளைஞன் அடுத்த கூட்டத்துக்கு வருவதில்லை. பெண் ஒருத்தி கேட்டுவிட்டாலோ, அவளுக்குத் தனிப் பெயர் இருக்கிறது: ‘படிச்ச திமிரு’!

சுற்றுக் கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கூட்டவேண்டும் என்பது ஏற்பாடு. 2024-இல் மாநகராட்சியான காரைக்குடியிலும் பகுதிக் கூட்டங்களுக்கு இடமுண்டு. அங்கும் குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவானது என்று கேட்பவரைப் பார்த்து, ‘அதிகப்பிரசங்கி’ என்ற முணுமுணுப்பு கிளம்புகிறது. முணுமுணுப்பவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

டெல்லியில் ஒருவர் செய்தால் அது அடக்குமுறை. நம் தெருவில் நாம் செய்தால் அது ஊர்க் கட்டுப்பாடா?

ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் திருக்குர்ஆன் 49-ஆம் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுத்திருக்கிறது. இதை வெள்ளிக்கிழமை கேட்டுவிட்டு, சனிக்கிழமைக் கூட்டத்தில் கேள்வி கேட்பவனுக்குப் பெயர் வைக்கலாமா? இன்று வக்ஃப் சொத்துகளின் பழைய ஆவணங்களைத் தேடிப் படிக்கவும், மாறிய சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் புரிந்துகொள்ளவும், கணினியில் விவரம் பதியவும் ஆள் தேவைப்படுகிறது. யார் வருவார்? நேற்று நாம் ‘அறிவுஜீவி’ என்று சிரித்து விரட்டிய அதே இளைஞனைத்தான் தேடிப் போக வேண்டும். அவன் வருவானா?

அளவுகோல் இதுதான்

ஆகவே, ‘அறிவுஜீவி’ வசையா என்று இனி யாராவது கேட்டால் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள்.

ஒன்று: அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னாரா? பதில் வந்திருந்தால் பெயரைப் பொருட்படுத்தாதீர்கள். பதில் வராமல் பெயர் மட்டும் வந்திருந்தால் அது வசைதான்.

இரண்டு: குறை சொல்லப்படுவது ஒருவர் செய்த செயலா, அல்லது ஒரு கூட்டத்தின் பிறப்பும் படிப்புமா? செயல் என்றால் விமர்சனம். கூட்டம் என்றால் முத்திரை.

மூன்று: அதே கேள்வியை ஒரு கூலித் தொழிலாளி கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்களா? அவருக்கு ‘உனக்கென்ன தெரியும்’ என்றும், படித்தவருக்கு ‘எல்லாம் தெரிந்த மேதாவி’ என்றும் சொல்பவர்கள், யாருடைய கேள்வியும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

உங்களையே யாராவது அப்படி அழைத்தால் கோபம் வேண்டாம். வாய்ச்சண்டையில் இறங்கினால் பெயர் வைத்தவர் ஜெயித்துவிடுவார். கேள்வி மறந்து போகும். “அப்படியே இருக்கட்டும். கேட்டதற்குப் பதில்?” என்று அமைதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள்.

அடுத்த கிராம சபையில், அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் கேள்வி கேட்க ஒருவர் எழும்போது சிரிப்பு கிளம்பினால், நீங்களும் எழுந்து அவர் பக்கத்தில் நின்று, “அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

சிந்திப்பீர்! எழுந்து நிற்பீர்!